தூண் எங்கேங்க?

❓ ஏனுங்க, மச்சான் ஏதென்ஸ் போய் இடிஞ்ச தூணைக் கட்டிப்பிடிச்சு போட்டோ அனுப்பியிருக்காருங்க. நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை உண்டுங்களா?
– தேங்காய்க் களக்காரர், காங்கேயம்

அதுக்கு விசா வேணும். கொடுமணலுக்கு டூவீலர் போதும். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரை. கிரேக்கர் கட்டிய ஊரில்லை, யவனச் சீமைக்குச் சரக்கு அனுப்பிய ஊர். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று நகைக்காகவே பெயர் சொல்கிறது. மச்சானுக்குப் பதில் போட்டோ அனுப்புங்கள்.

❓ யவனர் என்றால் கிரேக்கரா, ரோமரா?
– கல்லூரி மாணவி, வெள்ளகோவில்

வேர் 'அயோனியா', அதாவது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கிரேக்கப் பகுதி. பாரசீகர் வாயில் 'யௌனா', நம் வாயில் யவனர். பிறகு ரோமன் வந்தாலும் யவனன், எகிப்துக்காரன் வந்தாலும் யவனன். டெல்லியில் நாமெல்லாரும் மதராஸி ஆகவில்லையா?

❓ கொடுமணல் போய்ப் பார்த்தேன். தூணுமில்லை, மண்டபமுமில்லை. காடும், கல்வட்டமும்தான். பெட்ரோல் தண்டம்!
– பனியன் கம்பெனி டெய்லர், ஊத்துக்குளி

1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது, 2020-இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியது. தோண்டி முடித்தால் குழியை மூடிவிடுவார்கள். அந்தக் கல்வட்டம் ஈமக்காடுங்க, செருப்போடு ஏறாதீர்கள்.

தூண் ஏன் இல்லை? அது ஒர்க்‌ஷாப் சாமி! இரும்பு உருக்கிய உலை, நூல் நூற்ற தக்களி, பட்டை தீட்டும்போது தெறித்த கல் சில்லு, பாதி துளைத்த மணி. மணியை இரண்டு முனையிலிருந்தும் துளைத்துக்கொண்டு போய் நடுவில் சேர்க்க வேண்டும். கோடு ஒரு மயிரிழை தப்பினால் ரிஜெக்ட் பீஸ். அந்த ரிஜெக்ட்டை வைத்துத்தான் இங்கே பட்டறை இருந்ததென்று கண்டுபிடித்தார்கள். உங்கள் மிஷினுக்கடியில் கிடக்கும் கட்டிங் வேஸ்ட்டைக் கூட்டிவிடாதீர்கள். 2,000 வருஷம் கழித்து யாருக்காவது பிஎச்.டி. கிடைக்கும்.

❓ எங்க ஊருக்கு இதில் பங்கில்லையா?
– கோபக்காரர், படியூர்

நீங்கள்தான் கச்சாப்பொருள் சப்ளையர்! படியூர்ப் பச்சைக்கல், பெரில். கம்பெனி ஆட்சியில் வெள்ளைக்காரன்கூட உங்கள் ஊரில் தோண்டினான். பிராகிருதத்தில் 'வேளுரிய', கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்', கடைசியில் ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கே 'பிரில்லெ'. ஜெர்மன்காரன் மூக்குமேல் உட்கார்ந்துகொண்டு பங்கு கேட்கிறீர்கள்.

❓ பையர் விலையைக் குறைத்துக்கொண்டே போகிறான். அந்தக் காலத்திலாவது மரியாதை இருந்ததா?
– ஏற்றுமதியாளர், திருப்பூர்

ரோமாபுரி ப்ளினி கி.பி. 77 வாக்கில் புலம்புகிறார்: வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதாம், அந்தச் சரக்கு ரோமில் 100 மடங்கு விலைக்கு விற்கிறதாம். 100 மடங்கு வைத்தது அவர்கள் ஊர்க் கடைக்காரன், பழி நம்ம தலையில். உங்கள் டீ-ஷர்ட்டை லண்டனில் என்ன விலைக்கு மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்ததுண்டா?

❓ கொடுமணல் பானை ஓட்டில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது?
– தமிழாசிரியர், தாராபுரம்

பெரும்பாலும் ஆள் பெயர், தமிழ் பிராமியில். 'கண்ணன் ஆதன்' ஒருவர். எழுத்துள்ள ஓடு 500-க்கும் மேல். நடுவே பிராகிருதப் பெயர்களும் உண்டு, வடக்கேயிருந்து ஆள் வந்தது நேற்றல்ல. செங்கடல் கரையில், எகிப்திலும் தமிழ் எழுத்தோடு ஓடு கிடைத்திருக்கிறது. எவர்சில்வர் சொம்பில் பெயர் வெட்டாமல் சீர் வைக்காத வம்சம் வேறென்ன செய்யும்!

❓ பார்த்துவிட்டு அப்படியே நொய்யலில் ஒரு குளியல் போடலாமா?
– குழந்தைகளோடு கிளம்பும் அப்பா, காங்கேயம்

பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்குக் கட்டியது, சாயத்தண்ணியைத் தேக்கியது. விவசாயிகளே திறக்காதே என்று கும்பிட்டார்கள். 'கலர் ஃபாஸ்ட்னஸ்' டெஸ்ட் பாஸான ஒரே ஆறு. குளியலை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

❓ யவனக் காசு கிடைத்தால் சிவன்மலை உத்தரவுப் பெட்டியில் வைக்கலாமா?
– பேராசைக்காரன், சென்னிமலை

கனவில் முருகன் சொன்னால் பெட்டியில். உழும்போது கிடைத்தால் கலெக்டர் ஆபீஸில். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. என்ன, பெட்டியில் வைத்தால் ஊரே வந்து பார்க்கும், ஆபீஸில் கொடுத்தால் ரசீது கிடைக்கும்.