நேர்மைக்கு ஒரு நாள் பயிற்சி

மாவட்டத் தலைநகரில் ஒரு கல்யாண மண்டபம். பால்வாடி டீச்சர்களுக்கு நன்னடத்தைப் பயிற்சி. ஒன்பது மணிக்கே வந்து உட்காரச் சொன்னார்கள். அதிகாரி வந்தது பதினொன்றே முக்காலுக்கு. முதல் தலைப்பு: நேரம் தவறாமை.

அடுத்தது சிக்கனம். மேடையில் ஏழு பேர், ஏழு சால்வை, தட்டு நிறைய முந்திரி. கீழே ஆளுக்கொரு டீ, இரண்டு பிஸ்கட். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்தது அவரவர் கைக்காசு.

பிறகு நேர்மை. எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டினார்கள். லஞ்சம் வாங்க மாட்டேன், கொடுக்க மாட்டேன். இவர்களுக்கு லஞ்சம் யார் கொடுப்பது? மூன்று வயசுப் பிள்ளையா? 'கொடுக்க மாட்டேன்' என்ற இடத்தில்தான் குரல் இறங்கியது. பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்: "அப்போ என் டிரான்ஸ்பர் என்னக்கா ஆகும்?"

போதனை மேலேயிருந்து கீழே கொட்டும். காசுதான் கீழேயிருந்து மேலே ஏறும்.

பால்வாடிகளை நடத்தும் திட்டம் 1975-ல் காந்தி பிறந்த நாளில் தொடங்கியது. ஐம்பது வருஷம் கழித்தும் டெல்லியின் கணக்கில் டீச்சர் 'கௌரவப் பணியாளர்'. வாங்குவது சம்பளமில்லை, மதிப்பூதியம். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் 'சிறப்பு'க் காலமுறை ஊதியம். சிறப்பு என்றால் முழுசாக இல்லை என்று படிக்கவேண்டும். குஜராத்தில் பணிக்கொடை கேட்டவர்களிடம், நீங்கள் ஊழியரே இல்லை என்று வாதாடியது அரசாங்கம். அவர்களுக்கு அது உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. காசு கேட்டால் தொண்டர். மெமோ கொடுக்க மட்டும் ஊழியர்.

வேலைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. எடை பார்க்கவேண்டும், உயரம் அளக்கவேண்டும், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறவேண்டும். போதாததற்கு போஷன் டிராக்கர் என்று ஒரு செல்போன் ஆப். 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்க வருகிறவரின் முகத்தை செல்போன் ஆதாரோடு ஒத்துப்பார்க்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணி வெயிலில் நிற்கிறார். "கண்ணைச் சிமிட்டும்மா" என்கிறார் டீச்சர். சிமிட்டுகிறார். சர்வர் சுற்றுகிறது. "இன்னொரு தடவைம்மா." ஒரு பாக்கெட் மாவுக்கு இத்தனை சந்தேகம். கோடிக்கணக்கில் டெண்டர் எடுப்பவரைக் கண் சிமிட்டச் சொல்ல மட்டும் எந்த ஆப்பும் வரவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பிள்ளையின் ஒரு நாள் உணவுக்கு 2017-ல் மத்திய அரசு போட்ட விலை 8 ரூபாய். அதற்குள் 500 கலோரி, குறைந்தது 12 கிராம் புரதம் வந்துவிடவேண்டுமாம். சால்வை ஒன்று 200 ரூபாய் என்றே வையுங்கள். 25 பிள்ளைகளின் ஒரு நாள் சாப்பாடு அது. அன்று மேடையில் ஏழு பேர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்கள். போட்டோ முடிந்ததும் மடித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

நாட்டுப்பண் முடிந்தது. வாசலில் மேசை போட்டு ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடும் பயணப்படியும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். தொகை எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சற்று முன் நீட்டிய அதே வலது கையால் அத்தனை டீச்சர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.