முகத்தலும் நிறுத்தலும்: கும்மிடிப்பூண்டி அடுப்படிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முகத்தலளவை என்பது பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பாத்திரத்தால் அளப்பது. நிறுத்தலளவை என்பது அதன் எடையைத் தராசால் அறிவது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் எடைமேடையில் இரும்பு ஏற்றிய லாரியைக் கிலோ பிசகாமல் நிறுத்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர், வீடு திரும்பியதும் இரவுச் சோற்றுக்கான அரிசியை டம்ளரால் அளக்கிறார் என்பதும், இம்முரண்பாடு அவருடைய உறக்கத்தைச் சற்றும் கெடுப்பதில்லை என்பதும் ஆய்வுலகம் காணத் தவறிய உண்மைகளாகும்.

மரபு வாய்பாட்டின்படி 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. எனவே ஒரு படிக்கு 14,400 நெல் என்பது பெறப்படும். இதனை எண்ணிப் பார்த்தவர் எவரும் மறுத்து எழுதியதில்லை. எண்ணிப் பார்த்தவர் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டும், 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்குப் படியரிசி என்றே வாக்குறுதி அளித்து ஆட்சியைப் பிடித்ததால், சட்டத்துக்கும் உலைக்கும் இடையே குறைந்தது பதினொரு ஆண்டுத் தொலைவு உண்டென நிறுவலாம். நிறுத்தலளவையும் அப்படியொன்றும் நிலையானதன்று: 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும், அரிசிச் சந்தையில் 26 கிலோ சிப்பம் பிறந்தது.

உப்பின் அளவு ‘தேவையான அளவு’ என்பதில் கருத்து வேறுபாடில்லை. கறிவேப்பிலையின் அளவு, காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுத்த அளவு.

புளியே இத்துறையின் தீராச் சிக்கல். ‘எலுமிச்சை அளவு புளி’ என்னும் வழக்கில், ஒரு பொருளின் எடை வேறொரு கனியின் பருமனால் குறிக்கப்படுவதால், இதனைக் கனியளவை எனத் தனியே வகுப்பது தகும். அந்த எலுமிச்சை நாட்டு எலுமிச்சையா, புளி உருட்டியதா உதிர்த்ததா, கொட்டையும் நாரும் நீக்கியதா என்பன குறித்து மாமியார் மரபினரும் மருமகள் மரபினரும் உடன்பட்டதில்லை (மளிகைச் சீட்டு, பின்பக்கம்). ‘நெல்லிக்காய் அளவு’ என்னுமிடத்தில் அரைநெல்லி எனக் கொள்வாரும் பெருநெல்லி எனக் கொள்வாரும் உளர். இரு பாடத்துக்கும் ரசம் சாட்சி (நாட்காட்டித் தாள், ஆடி மாதம், எண்ணெய்க் கறை படியாத ஒரே வரி). ஆரம்பாக்கத்தைக் கடந்து ஆந்திர எல்லையை நெருங்க நெருங்க எலுமிச்சை பருக்கிறது என்னும் துணிபோ முழுவதும் ஒரே மூலத்தைச் சார்ந்தது (அடுப்படிச் சுவரில் பென்சிலால் எழுதிய கணக்கு, வெள்ளையடிப்புக்கு முந்தைய பாடம்; பிந்தைய பாடத்தில் அப்பகுதி முற்றும் வெண்மையாக உள்ளது; அவ்வெண்மையும் இத்துணிபுக்கு அரண் செய்வதாகவே கொள்ளப்படும்). குழம்பை ருசித்துப் புளியளவை அறியலாம் என்பாரின் கூற்று தள்ளத்தக்கது. அம்முறை பரவினால் கட்டுரைகளுக்கு வேலையிராது. சமைத்தவரை நன்றியுரையிலும் சாப்பிட்டவரை ஆசிரியர் பெயரிலும் சேர்ப்பதே இங்குள்ள ஆய்வு மரபு.

எஞ்சியது பொருளடர்த்தி, அதாவது ஒரே கொள்ளளவில் வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு எடை நிற்பது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால், அதே அளவு எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். சலித்த கோதுமை மாவு அரைக் கிலோவை ஒட்டியிருக்கும், அதையே குத்தி அடைத்தால் கூடும். தலைதட்டி அளந்த படியும் குவித்து அளந்த படியும் ஒன்றல்ல என்பதைத் தராசில்லாத காலத்திலேயே நெல் விற்றவரும் வாங்கியவரும் சண்டையிட்டுத் தெளிந்திருந்தனர்.

ஆகவே கவரைப்பேட்டையிலும் எளாவூரிலும் அறை எடுத்துத் தங்கிச் சமைக்கும் தொழிலாளர்கள், ஒரு டம்ளர் அரிசி எத்தனை கிராம் என்னும் ஆராய்ச்சியில் இறங்காமல், அரிசியை அளந்த அதே டம்ளரால் தண்ணீரையும் அளந்து ஊற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.