கார் ஷெட்டில் காரிருள்

கேள்வி: என் வீட்டு கார் ஷெட்டில் நடுக்கூரையில் ஒரே ஒரு பல்பு, சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். பானட்டைத் திறந்தால் ஒன்றுமே தெரிவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், நாமக்கல்

பதில்: 'கார்' என்றாலே தமிழில் கருமைதான். அதன் ஷெட்டில் இருட்டு இருப்பது இலக்கணப்படி சரியே! பல்பின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் குனிந்ததும் வெளிச்சம் முதுகில், நிழல் என்ஜினில். இன்னும் பெரிய பல்பு போட்டாலும் நிழல் அங்கேயேதான் விழும். வண்டியின் இரு பக்கமும் நீளவாக்கில் பக்கத்துக்கொரு 4 அடி எல்.இ.டி. டியூப் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே 40 வாட்ஸ் போதும். ஒன்று போடும் நிழலை மற்றது கரைத்துவிடும். சுவருக்கு வெள்ளையடித்தால் அது மூன்றாவது விளக்கு.

பிளக் பாயின்ட்தான் பெரிய கதை. 6 ஆம்பியர் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொரு பாக்ஸ், அதன் வாலில் பிரஷர் வாஷர். என் மைத்துனர் வீட்டில் இந்தக் கூட்டுக்குடும்பம் தீபாவளிக்கு முதல் நாள் புகைந்து பிரிந்தது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. வயர் தனியாக இழுத்து, இடுப்புயரத்தில் 16 ஆம்பியர் பாயின்ட் வையுங்கள். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3.7 கிலோவாட் தாங்கும். தண்ணீர் பீச்சும் இடம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு பிரேக்கர்) ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் எலெக்ட்ரீஷியனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மின்சார ஸ்கூட்டர் ஆசை உண்டா? அதற்கும் ஒரு தனி லைனை இப்போதே இழுத்துவிடுங்கள். ஒரே சுவரை இரண்டு முறை உடைப்பதில் கொத்தனாருக்கு மட்டும்தான் சந்தோஷம்.