‘ரெண்டு நாள்’ என்னும் கால அளவை: ஓர் ஆய்வு முன்னோட்டம்

கொற்கை முத்தைப் பற்றி எழுதி முனைவர் ஆனவர்களை வரிசையாக நிறுத்தினால், துறைமுகத்திலிருந்து தருவைகுளம் வரை நிற்பார்கள். அதே கரையில் அன்றாடம் புழங்கும் ‘ரெண்டு நாள்’ என்ற அளவையை மட்டும் யாரும் சீண்டவில்லை. (சீண்டிய ஒருவர் ஆய்வேட்டை ரெண்டு நாளில் தருவதாகச் சொன்னார். பதினோரு வருடமாகக் காத்திருக்கிறோம்.)

1. வகைப்பாடு

தூத்துக்குடியில் கெடு நான்கு வகைப்படும்.

‘இந்தா’: டீ குடித்தபின்.
‘இன்னிக்கு’: நாளைக்கு.
‘நாளைக்கு’: தனி ஆய்வுக்கு உரியது.
‘ரெண்டு நாள்’: கீழே காண்க.

2. சொல்லாராய்ச்சி

‘ரெண்டு’ என்பதை எண்ணுப்பெயராகக் கொள்வது தொடக்கநிலை மாணவர் செய்யும் பிழை. லேத் பட்டறையில் அது உதிரிபாகம் கோயம்புத்தூரிலிருந்து வந்துசேரும் காலம். உப்பளத்தில் மழை விட்டு வெயில் ஏறும் காலம். ஷிப்பிங் ஆபீஸிலோ, மேலாளர் நம் மேசையை விட்டு நகர்வதற்கான காலம். ஆக, இச்சொல் வேலையை அளப்பதில்லை. கேட்பவர் முகத்தை அளக்கிறது (பார்க்க: என் மேசை நாட்காட்டி, ஆகஸ்ட் தாள், மூன்று முறை அடித்துத் திருத்திய தேதி). முகம் கடுத்தால் ரெண்டு ஒன்றாகும், சிரித்தால் நாலாகும் என்பார் ஒரு சாரார் (பார்க்க: டீக்கடைச் சுவடி, வடை மடித்த தாள், எண்ணெய் படாத ஓரம்). எண்ணெய் பட்ட பகுதியில் மாற்றுக் கருத்து இருந்திருக்கலாம். பதிப்பாசிரியர் அதை வடையோடு சேர்த்துத் தின்றுவிட்டார். சிதைந்த ஏட்டுக்கு உரை எழுதுவோர் வழக்கப்படி, அங்கே என் கருத்தே இருந்தது என்று கொள்கிறேன்.

3. களச்சான்று

மாலை நாலு மணி. “பதினெட்டு கண்டெய்னரும் காலையில யார்டுக்குள்ள போயிரும்லா தம்பி?” என்றார் மேலாளர். பாதிச் சரக்கு இன்னும் மதுரை ரோட்டில் லாரியில் வந்துகொண்டிருந்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றியது. “போயிரும் அண்ணாச்சி” என்றேன்.

4. பெருவடிவச் சான்று

1860இல் கமாண்டர் டெய்லர் சொன்ன கப்பல் கால்வாய் யோசனை, 145 வருடம் கழித்து, 2005 ஜூலை 2 அன்று சேதுசமுத்திரத் திட்டமாகத் தொடங்கியது. மதிப்பீடு சுமார் 2,427 கோடி ரூபாய். கெடு 2008. கணக்கில் மணல் இருந்தது, ஆழம் இருந்தது, தூர்வாரும் கப்பல் இருந்தது, வழக்கு இல்லை. 2007இல் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. கால்வாய் இன்னும் வரவில்லை. எஸ்டிமேட்டில் எழுதிய நூறு வரியைவிட, எழுதாமல் விட்ட ஒரு வரிதான் தேதி குறிக்கிறது.

5. வழக்கொழிந்த மரபு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்குமுன் மாதிரி பார்ப்பார்கள். பாரிலிருந்து, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டிலிருந்து, கொஞ்சம் சிப்பி அள்ளி, அழுகவிட்டு, கழுவி, தேறிய முத்துக்கு விலை போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று தெரிந்தபிறகுதான் அறிவிப்பு. தேறவில்லையா, குளிப்பே கிடையாது. சிப்பியிடம் போய் யாரும் அவசரம் காட்ட முடியாது. இக்கரையின் கடைசிப் பெருங்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. முத்தோடு, மாதிரி பார்த்துக் கெடு சொல்லும் வழக்கமும் போயிற்று.

அந்தக் குளிப்பில், கல்லில் கால் ஊன்றிக் கீழே போனவருக்கு மூச்சு ஒரு நிமிடச் சொச்சம். தூக்கு என்று கயிற்றைச் சுண்டிச் சொல்வது அவர். தோணியில் நிற்பவர் வேலை இழுப்பது மட்டும். நம் ஆபீஸ்களில் சுண்டுவதும் இழுப்பதும் தோணிக்காரரே. கீழே இருப்பவரிடம் சிப்பி மட்டும் கேட்கப்படுகிறது.

6. முடிவுரை

இதையெல்லாம் மேலாளரிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டார். தலையாட்டினார்.

“நல்லா இருக்கு தம்பி. இத அப்படியே எழுதிக் குடுங்க. எப்ப தருவிய?”

விசிறியைப் பார்த்தேன்.