கொம்பை அளந்து சுடவும்

அலாஸ்காவின் பல பகுதிகளில் ஆண் மூஸ் மானைச் சுட வந்தவர் முதலில் அதன் கொம்பைப் படித்தாக வேண்டும்: ஒரு பக்கமாவது ஒற்றைக் கூரோ இரு கவையோ இருக்க வேண்டும், இல்லையேல் கொம்பின் விரிவு குறைந்தது 50 அங்குலம், அதுவும் இல்லையேல் ஒரு பக்கமாவது கொம்பின் நெற்றிப்பக்கக் கிளைகள், இடத்துக்கேற்பக் குறைந்தது மூன்றோ நான்கோ. அளவுநாடாவுக்கு மூஸ் நின்று கொடுக்காது. சரியான அளவு அது செத்த பிறகே தெரியும். 49 என்று வந்தால் குற்றவாளி சுட்டவர்தான். இளசும் பெரிசும் போக, இனப்பெருக்கத்துக்கு நடுவயது ஆண்கள் மிஞ்ச வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், வேட்டைக்காரரின் சந்தேகத்தையே காவலுக்கு வைத்த கெட்டிக்காரத்தனத்தை யார் மறுத்தார்கள்? அதைவிடக் குறும்பான விதி ஒன்றுண்டு: உண்ணத்தக்க இறைச்சி முழுவதும் வெளியேறும் முன் கொம்பு அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. சுவரில் வீரத்தை மாட்ட வந்தவர், முதலில் ஏறக்குறைய 200 கிலோ கறிக்குச் சுமைதூக்கி ஆகிறார், கூலியில்லாமல்.