கழிக்கத் தெரியாத இயந்திரம்

ஒசாக்கா
2025, ஆவணி

பேரன்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தோட்டத்து விசேஷங்களையும், ஓயாத மழையால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோன செய்தியையும் விரிவாக எழுதிவிட்டு, கடைசி வரியில், “மரக்கறியாகத்தான் சாப்பிடுகிறாயா, அல்லது ஊரோடு ஒத்துப்போய்விட்டாயா?” என்று தாங்கள் கேட்டிருப்பதற்குப் பதிலெழுதவே இக்கடிதம் முழுவதும் செலவாகிவிடும்போல் இருக்கிறது.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நாட்களில் யாதொரு சங்கடமுமில்லை. அறையில் நானே பொங்கி, நானே பருப்பு வேகவைத்து, நானே அதைப் பிரமாதம் என்று சொல்லிக்கொள்கிறேன். சென்ற வாரம் விடுமுறை கிடைத்து, நாரா, கியோத்தோ, கோயாமலை என்று ஒரு பிரயாணம் புறப்பட்டபோதுதான் தாத்தா பூசை வைத்த மரக்கறி வீட்டில் பிறந்ததன் பெருமையை ஒவ்வொரு வேளையும் வயிறு எனக்கு நினைவூட்டிற்று.

மீன் துண்டாகத் தட்டில் கிடந்தால்தான் இந்த ஜப்பானியருக்கு அது மீன். சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுக் கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, மெல்லிய சீவலாகச் சீவி, கொதிநீரில் இட்டு வடித்துவிட்டால், அச்சாறு வெறும் தண்ணீரின் ஸ்தானத்தை அடைந்துவிடுகிறது. கட்சுவோபுஷி என்பது அச்சீவலின் நாமதேயம். பலாங்கொடைக் கடைகளில் சம்பலுக்குள் மாசி இருக்குமென்று அஞ்சி, ரொட்டி கேட்டு அழுத எங்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தீர்களே, அந்த மாலைதீவு மாசியும் இதுவும் ஒரே மீன்தான். மாசிக்குத் தப்பி ஓடியவன் மாசியின் மூத்த பங்காளி வீட்டில் வந்து விழுந்திருக்கிறேன். மரக்கறித் தெம்புரா தொட்டுக்கொள்ளும் சாற்றில் அது, காலை மிசோ சூப்பில் அது, சோற்றுருண்டைக்குள் வைக்கும் ஊறுகாயிலும் சிலவேளை அது. ஒவ்வாமைக்காரர்களின் நன்மை கருதி முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு முதலியவற்றைப் பொதிகளில் கட்டாயம் அறிவிக்கச் சட்டம் செய்திருக்கும் இந்த ஜாக்கிரதையான ஜனங்கள், அந்தக் கட்டாயப் பட்டியலில் மீனுக்கு இடம் வைக்கவில்லை. ஆகவே நான் கடை வெளிச்சத்தில் பொதியைக் கண்ணுக்கருகே பிடித்து, பொடியெழுத்துகளை இரத்தினபுரி மாணிக்க வியாபாரி கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கியோத்தோவில் ஒரு நூடில்ஸ் கடைக்குள் நுழைந்தேன். அங்கே மனிதனிடம் சாப்பாடு கேட்க முடியாது. வாசலில் ஆளுயரத்தில் ஓர் இயந்திரம் நிற்கிறது. முதலில் பணத்தை விழுங்கும். பிறகுதான் பொத்தான்கள் ஒளிரும். அமுக்கினால் ஒரு சீட்டு விழும். அச்சீட்டைச் சமையற்காரரிடம் நீட்டிவிட்டு மௌனமாய் உட்கார வேண்டியது. முட்டை கூடுதலாக வேண்டுமா, பொத்தான் உண்டு. பன்றியிறைச்சி இரட்டிப்பாக வேண்டுமா, அதற்கும் உண்டு. நூடில்ஸ் அதிகம், வெங்காயத்தாள் அதிகம், பீர், எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் இது வேண்டாம், அது வேண்டாம் என்று சொல்வதற்கு அத்தனை பொத்தான்களில் ஒன்றுமில்லை. கூட்டல் மட்டுமே கற்று, கழித்தல் படிக்குமுன் பள்ளிக்கூடத்தை விட்டுவந்த இயந்திரம் அது. தங்களிடம் படித்திருந்தால் பிரம்படி வாங்கியிருக்கும். நான் அதன் எதிரே நின்று, மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை படித்து, மறுபடி கீழிருந்து மேலே படித்து, என் ஆயிரம் யென் நோட்டைத் திரும்பத் தருமா என்று அதன் முகத்தைத் தடவிக்கொண்டிருக்க, பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய கனவான்களின் வரிசை வீதிவரை நீண்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை, அந்த மரியாதைதான் என்னை அதிகம் வதைத்தது. கடைசியில் மூலையிலிருந்த வெறுஞ்சோற்றுப் பொத்தானை அமுக்கினேன்.

வெறுஞ்சோற்றை உண்ணும் வாலிபனைக் கண்டு சமையற்காரருக்குக் காருண்யம் பெருகிவிட்டது. கையில் காசில்லாத பிள்ளை என்று நினைத்தார் போலும். பன்றியெலும்புச் சாற்றில் ஒரு கிண்ணம் நிரப்பி, இலவசம் என்று சைகை காட்டி முன்னே வைத்தார். நான் எழுந்து கைகூப்பி, தெய்வத்துக்குச் செய்த சங்கற்பம், மீனும் மாமிசமும் கூடாது என்று எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் விண்ணப்பித்தேன். சங்கற்பம் என்றதும் அவர் பதறிப்போய், இருமுறை தலைவணங்கி, கிண்ணத்தை அப்புறப்படுத்தி, பரிகாரமாகக் குளிர்ந்த தோஃபு ஒரு துண்டு கொண்டுவந்தார். அதன் தலையில் கட்சுவோபுஷிச் சீவல்கள் குளிர்சாதனக் காற்றுக்கு நடனமாடிக்கொண்டிருந்தன.

கோயாமலையில்தான், பெரியப்பா, வயிறு குளிர்ந்தது. கூக்காய் என்னும் மகான் 816ஆம் ஆண்டில் ஸ்தாபித்த க்ஷேத்திரம் அது, கோயில்களிலேயே தங்கலாம். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவுடன் கிண்டிய தோஃபு, உறையவைத்து உலர்த்திய மற்றொரு தோஃபு, கடற்பாசியும் உலர்ந்த காளானும் இறங்கிய சாறு என்று சிறு சிறு கிண்ணங்களில் வந்தன. பூண்டும் வெங்காயமும்கூட விலக்கு. ஆசாரத்தில் தங்களையே மிஞ்சிவிட்டார்கள். 835இல் நிஷ்டையில் அமர்ந்த அம்மகான் இன்னும் அதிலேயே இருக்கிறாரென்பது நம்பிக்கையாதலால், நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் பத்தரை மணிக்கும் துறவிகள் அவருக்கு உணவு சுமந்து செல்கிறார்கள். ஜப்பான் தேசம் முழுவதிலும், பொத்தானை அமுக்காமல், பொடியெழுத்துப் படிக்காமல், வேளை தவறாது சுத்த மரக்கறி உண்ணும் பாக்கியவான் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அதற்கு ஏறக்குறைய ஆயிரத்திருநூறு ஆண்டு அசையாமல் உட்கார வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு கிண்ணம் நூடில்ஸ் சுமார் ஆயிரம் யென். நம் இலங்கைப் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய். அம்மா விடிய எழுந்து, அட்டைக்கடியில் நாள் முழுவதும் கொழுந்தெடுத்து ஒரு பேர் போட்டால் கைக்கு 1,350 ரூபாய். இந்தக் கணக்கு மனத்தில் வந்த பிறகு, மீன் இல்லாத கடை கிடைத்தாலும் சில நாள் உள்ளே போகக் கால் வருவதில்லை.

இக்கடிதத்தை லயத்து வாசலில் எல்லோரும் கூடியிருக்கத் தாங்கள் உரக்கப் படிப்பீர்களென்று அறிவேன். மேற்படி பந்தியை மட்டும் இருமுவதுபோல் இருமித் தாண்டிவிடுங்கள். அடுத்த பொதியில் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு போத்தல் வைக்கச் சொல்லவும். போன தடவை வந்ததை என்னோடு தங்கியிருக்கும் நேபாளத்துப் பையன் நான் கோயாமலையிலிருந்து திரும்புவதற்குள் வழித்து முடித்துவிட்டான்.

தங்கள் ஆசியை நாடும்,
சின்னவன்