சீனி மாத்திரைக் குப்பியில் ஒரு மகாராணி

எங்கள் வீட்டில் காலி டப்பா என்று எதுவும் கிடையாது. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் தோசை மாவு இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம் பருப்பு. வெளிநாட்டு பிஸ்கட் டின்னில் ஊசி, நூல், எந்தச் சட்டைக்கும் சேராத பொத்தான்கள். அப்படியும் ஒன்று காலியாகக் கண்ணில் பட்டால், அது அத்தை வீட்டுக்குப் போகவேண்டிய நார்த்தங்காய் ஊறுகாய்க்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். மறுசுழற்சியை இப்போது பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அம்மா அந்தப் பாடத்திட்டத்தைத் தாண்டிப் போய் வெகுகாலம் ஆகிறது.

எனவே, எட்டாவது படிக்கும் மகள், "அப்பா, பழைய டப்பாவை வச்சே எறும்புக்கு வீடு கட்டலாம்ப்பா" என்றபோது எனக்கு எறும்பைப் பற்றிக் கவலை வரவில்லை. டப்பாவைப் பற்றித்தான் வந்தது.

அம்மாவுக்கு இரண்டைப் பற்றியும் வந்தது. தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பம் எறும்பை வெளியே நிறுத்தத்தான் பாடுபட்டிருக்கிறது. மஞ்சள்பொடிக் கோடு, அலமாரிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம், சர்க்கரைக்குள் கிராம்பு. "விரட்டி விரட்டி அடிச்சதை உள்ள கூப்பிட்டுக் குடி வைக்கிறீங்களா? நம்ம வீட்டு லோனே இன்னும் முடியலை" என்றாள்.

ராணி சுலபமாகக் கிடைத்துவிட்டது. மழை விட்ட ஒரு சாயங்காலம், போர்டிகோ விளக்கைச் சுற்றி ஒரே இறகுக் கூட்டம். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "ஈசலா? பொரியரிசி சேர்த்து வறுத்தா அபாரமா இருக்குமே" என்றார். மகள் அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். ஈசல் என்பது கறையான். அதற்கு நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு கிடையாது. எறும்புக்கு முன்னிறகு பெரிது, இடுப்பு சிறுத்திருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கும். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இதை வறுக்க முடியாது" என்று உள்ளே போய்விட்டார்.

நாங்கள் தேடியது இறகில்லாத ராணியை. கட்டெறும்பு ராணி வானத்தில் கல்யாணம் முடிந்து இறங்கியதும் தன் இறகைத் தானே ஒடித்துப் போட்டுவிடும். இனிமேல் பறக்கும் வேலை இல்லை. மாப்பிள்ளை கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போவார். மகள் இதை விளக்கியபோது என் மனைவி, "வேலை முடிஞ்சதும் சோபாவில உட்கார்ந்து டிவி பார்க்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் வீடு அம்மாவின் ஹோமியோபதிக் குப்பி. சீனி மாத்திரை தீர்ந்து, ஏதாவது ஆகும் என்று எடுத்து வைத்திருந்த கண்ணாடிக் குப்பி. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, பஞ்சுக்கு இந்தப் பக்கம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருட்டில் வைத்தாயிற்று. முதல் பிள்ளைகள் தலையெடுக்கும்வரை ராணி எதுவும் சாப்பிடாது. இனி உதவாத பறக்கும் தசைகள் உடம்புக்குள்ளேயே கரைந்து, அதற்கும் முதல் ஈட்டுப் புழுக்களுக்கும் உணவாகின்றன. அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "பிள்ளை பெத்தவளைப் பட்டினியா போடுறது? பத்தியத்துக்கு ஒரு சொட்டுத் தேனாவது வைக்கக் கூடாதா?" வீட்டில் எறும்புக்காகப் பரிந்து பேசிய முதல் ஆள் அவள்தான். அதை அவளிடம் யாரும் சுட்டிக்காட்டவில்லை.

முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் வேலைக்காரிகள் வந்தன. பட்டினித் தாய் வளர்த்த பிள்ளைகள் அல்லவா, கட்டெறும்பு என்று சொல்ல முடியாத அளவுக்குப் பொடிசாக இருந்தன. இனிதான் வீடு.

பாதுஷா வந்த பிளாஸ்டிக் டப்பாவை அம்மா நிபந்தனையோடுதான் கொடுத்தாள்: "எறும்பு காலி பண்ணதும் கழுவித் திருப்பித் தந்துடணும்." டப்பாவின் அடியில் மகள் களிமண்ணால் அறைகளையும் வழிகளையும் ஒட்டினாள். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினோம். இறுகும்போது அது சூடாகும். டப்பாவின் மேல் கை வைத்தால் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி. பிறகு கட்டியைத் தட்டி எடுத்து, களிமண்ணைச் சுரண்டிவிட்டு, காயவைத்துத் திரும்பப் பொருத்தினால், கண்ணாடிபோலத் தெரியும் அடிப்பக்கம்தான் சன்னல். அதற்குத் திரை, யாரோ பரிசுப் பொருளைச் சுற்றிக் கொடுத்த சிவப்புக் கண்ணாடித் தாள். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. நாம் பார்ப்போம், அவை இருட்டு என்று நினைத்துக்கொள்ளும். காற்றுத் துளைக்கு ஓட்டை டீ வடிகட்டியின் வலை. முற்றம், மாவு தீர்ந்த அன்றே கைப்பற்றிய ஐஸ்கிரீம் டப்பா. வீட்டையும் முற்றத்தையும் இணைக்க, எங்கள் வீடு கட்டியபோது கொத்தனார் மட்டம் பார்த்துவிட்டுப் போட்டுப்போன லெவல் டியூப். முற்றத்தின் விளிம்பில் மிஞ்சிக் கிடந்த கொரோனாக் காலத்து சானிட்டைசரில் முகப் பவுடரைக் குழைத்துத் தடவினோம். ஸ்பிரிட் பறந்துவிடும், பவுடர் படிந்திருக்கும். ஏறும் எறும்பு வழுக்கி விழும்.

கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் அவை வரவில்லை. எங்கள் அரண்மனையை ஒரு வேலைக்காரி வந்து மூலை மூலையாகப் பார்த்தாள். திரும்பிப் போய் என்ன சொன்னாளோ, மொத்தக் குடும்பமும் குப்பியிலேயே இருந்தது. மகள் குப்பியை மூடியிருந்த துணியை எடுத்து வெளிச்சத்தில் விட்டாள். அப்புறம்தான் ஒரு ராத்திரி, முட்டையும் புழுவுமாக வாயில் கவ்விக்கொண்டு ஊர்வலம் புறப்பட்டது. ராணி கடைசியில், மிகவும் சலித்துக்கொண்டு.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். பெரிய எறும்பால் கெட்டியான எதையும் விழுங்க முடியாது. அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் போதும். வளரும் புழுவுக்குத்தான் கறி வேண்டும். பூச்சிமருந்து படாத கறி. அதனால் கொசுவர்த்தி நிறுத்தப்பட்டது. கொசுக்கள் எங்களைக் கடிக்கின்றன. நாங்கள் பேட்டால் அவற்றைப் பொரித்து எறும்புக்குப் போடுகிறோம். எங்கள் ரத்தம் கொசு வழியாக எறும்புக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் என் மனைவி. சொல்லிவிட்டுச் சொறிந்துகொண்டாள்.

நான் வங்கி ஊழியன். ஆகவே இந்தத் துறையில் எனக்கு ஒரு மூதாதை உண்டு: ஜான் லப்பாக். டார்வினின் அண்டை வீட்டுக்காரர், லண்டன் வங்கி முதலாளி, நாடாளுமன்ற உறுப்பினர். இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டத்தை 1871-இல் கொண்டுவந்தவர். மிச்ச நேரத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண் போட்டு எறும்பு வளர்த்தார். 1882-இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். எறும்புக்குச் சாராயம் கொடுத்துப் பார்த்த ஆளும் அவர்தான். போதையில் கிடந்தவற்றில் சொந்தக் கூட்டுக்காரரைப் பெரும்பாலும் வீட்டுக்குத் தூக்கிப் போனதாம் எறும்பு. அந்நியரைத் தண்ணீரில் தள்ளியதாம். அவர் வளர்த்த ராணி ஒன்று ஏறக்குறைய 15 வருஷம் உயிரோடிருந்தது. பாதுஷா டப்பா எப்போது திரும்பும் என்பதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு நெருக்கடி. ஐஸ்கிரீம் டப்பாவின் சர்க்கரைத் தண்ணீரை மோப்பம் பிடித்து, ஊரில் உள்ள பிள்ளையார் எறும்பெல்லாம் வரிசை கட்டிவிட்டது. எறும்பு வீட்டுக்குள் எறும்பு வராமல் தடுப்பது எப்படி என்று அப்பாவும் மகளும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அம்மா எழுந்து வந்தாள். ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினாள், நடுவில் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்தாள், அதன்மேல் மொத்த அரண்மனையையும் தூக்கி வைத்தாள். போய்ப் படுத்துவிட்டாள்.

லப்பாக்கும் அதையேதான் செய்தார், கூட்டைச் சுற்றித் தண்ணீர் அகழி வைத்தார் என்று மறுநாள் அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, "அவ்வளவு பெரிய வீட்ல சர்க்கரை டப்பாவுக்கு ஒழுங்கான மூடி இல்லை போலிருக்கு" என்றாள்.